ஹைப்ரிட் மட்டையும் ஒரு பால்பாயிண்ட் பேனாவும்

பதிவு சற்று நீளம். பொறுமையாகப் படியுங்கள். வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடம் நடத்தியவன்தானே நான்!

பெங்களூரில் இருக்கும் என் தம்பி மகன் போன வாரம் பேசினான். நாற்பத்தைந்து வயதில் கோல்ஃப் கற்கத் தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. "பெரியப்பா, விட்டுடலாம்னு இருக்கேன். நீள அயர்ன் மட்டையில் பத்து அடி அடிச்சா ஒன்பது பந்து தரையிலேயே உருண்டு போகுது. ஹைப்ரிட் வாங்கலாம்னா, அது கிழவங்க மட்டை, அயர்ன்ல அடிக்கத் தெரியாதவன் கோல்ஃபே ஆடக் கூடாதுன்னு கூட ஆடுறவங்க சிரிக்கிறாங்க" என்றான்.

நான் கோல்ஃப் மட்டையைக் கையில் பிடித்ததே இல்லை. ஆனால் "முறைப்படி கஷ்டப்பட்டுத்தான் கற்க வேண்டும்" என்ற வாதம் எனக்குப் பழக்கமானது. அதனால் இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். படித்ததை அவனுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

1457-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கோல்ஃபுக்கும் கால்பந்துக்கும் தடை போட்டது. இளைஞர்கள் வில்பயிற்சியை விட்டுவிட்டு இதிலேயே கிடந்தார்கள் என்பது அரசின் கவலை. 1502-இல் அரசர் நான்காம் ஜேம்ஸே பெர்த் நகரத்து வில் செய்பவர் ஒருவரிடம் கோல்ஃப் மட்டை வாங்கினார். தடையின் கதி அவ்வளவுதான்.

பிற்காலத்தில் பந்து என்பது தோல் பைக்குள் வேகவைத்த இறகுகளைத் திணித்துத் தைத்தது. ஒரு தொழிலாளி நாளுக்கு மூன்று நான்கு பந்துதான் செய்ய முடியும். விலை அதிகம். இரும்பு மட்டை பட்டால் தோல் கிழிந்துவிடும். ஆகவே ஆட்டத்தில் பெரும்பகுதி மர மட்டைதான். பள்ளத்தில், வண்டித்தடத்தில் சிக்கினால் மட்டுமே இரும்பை எடுப்பார்கள். அந்த மர மட்டைகளில் 'பேஃபிங் ஸ்பூன்' என்று ஒன்று. முகம் நன்றாகச் சாய்ந்திருக்கும், பந்தை உயரத் தூக்கிப் போடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வரும்.

1848 வாக்கில் குட்டா-பெர்ச்சா பந்து வந்தது. மலாய் நாட்டு மரங்களின் பாலிலிருந்து கிடைக்கும் பிசின் அது. வெந்நீரில் இளக்கி உருட்டினால் பந்து தயார். மலிவு, உழைக்கும், இரும்புக்கும் அஞ்சாது. செயின்ட் ஆண்ட்ரூஸில் ஆலன் ராபர்ட்சன் என்ற பெரிய ஆட்டக்காரர் இருந்தார். இறகுப் பந்து செய்வது அவருடைய குடும்பத் தொழில். புதுப் பந்தை அவர் சகிக்கவில்லை. தம்மிடம் வேலை பார்த்த டாம் மோரிஸ் அந்தப் பந்தில் ஆடினார் என்பதற்காகவே இருவரும் பிரிந்தார்கள். மோரிஸ் 1851-இல் பிரெஸ்ட்விக் போய்விட்டார். சில ஆண்டுகளில் என்ன ஆயிற்று? ராபர்ட்சனும் குட்டா-பெர்ச்சா பந்தே செய்து விற்றார். மலிவான பந்து வந்ததால் காசு இல்லாதவனும் ஆட வந்தான். ஆட்டம் அழியவில்லை, பரவியது.

பந்து மாறியதும் இரும்பு மட்டைக்கு யோகம் அடித்தது. கிளீக், மாஷி, நிப்லிக் என்று வகைவகையாக வந்தன. 1920-களில் எஃகுத் தண்டு அனுமதி பெற்றது. பிறகு எண்ணிட்ட அயர்ன் வரிசைகள் ஆலையில் தயாராயின. ஆட்டக்காரர்கள் இருபது, இருபத்தைந்து மட்டைகளைப் பையில் திணித்தார்கள். சுமப்பவன் பாடு திண்டாட்டம். அமெரிக்கச் சங்கம் 1938-இலும், செயின்ட் ஆண்ட்ரூஸின் ஆர் அண்ட் ஏ 1939-இலும் பதினான்கு மட்டைக்கு மேல் கூடாது என்று விதித்தன. இது உச்சவரம்பு மட்டுமே. பதினான்கும் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

இனி நீள அயர்ன் கதை. 1949-இல் பென் ஹோகனின் கார் மீது பேருந்து மோதியது. நடப்பாரா என்பதே சந்தேகம். பதினாறு மாதம் கழித்து 1950 அமெரிக்க ஓப்பனில், மெரியன் மைதானத்தின் கடைசிக் குழியில், ஒன்றாம் எண் அயர்னால் பந்தைப் பச்சைத்திட்டில் ஏற்றினார். மறுநாள் பிளே-ஆஃபில் வென்றார். அந்த அடியின் புகைப்படம் புகழ்பெற்றது. நீள அயர்ன் என்றால் ஆண்மை, வித்தை என்ற எண்ணத்துக்கு அந்தப் படமும் ஒரு காரணம். ஆனால் லீ ட்ரெவினோ சொன்ன வேடிக்கையும் உண்டு: இடி மின்னல் வந்தால் ஒன்றாம் எண் அயர்னைத் தூக்கிப் பிடியுங்கள், கடவுளாலேயே அதை அடிக்க முடியாது! 1975-இல் மின்னல் தாக்கிப் பிழைத்தவர் அவர்.

ஏன் அவ்வளவு கடினம்? மூன்றாம் எண் அயர்னின் முகச்சாய்வு இருபது டிகிரி அளவுதான். தலை மெல்லியது. எடையெல்லாம் முகத்தை ஒட்டியே இருக்கும். வேகமாக வீசினால்தான் பந்து எழும். புதியவருக்கு அந்த வேகம் இல்லை. ஹைப்ரிட்டில் எடை கீழேயும் பின்னாலும் இருக்கிறது, அடிப்பாகம் அகலம். அதனால் மெதுவாக வீசினாலும் பந்து எழும்பும், புல்லில் மட்டை சிக்காமல் வழுக்கிப் போகும். 2000-களின் தொடக்கத்தில் டெய்லர்மேட் ரெஸ்க்யூ போன்றவை இதைப் பரவலாக்கின. ஆனால் யோசனை புதிதா? சாய்ந்த முகம், பந்தைத் தூக்கும் வேலை… நம் பேஃபிங் ஸ்பூனின் பேரப்பிள்ளைதான் இது!

கிழவர் மட்டையா? 2004 பிரிட்டிஷ் ஓப்பனில் டாட் ஹாமில்டன், எர்னி எல்ஸை பிளே-ஆஃபில் வென்றபோது கடைசிக் குழியில் பச்சைத்திட்டுக்கு வெளியிலிருந்து ஹைப்ரிட்டால்தான் பந்தை உருட்டிவிட்டார். 2009 பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பில் தென் கொரியாவின் ஒய்.இ. யாங், டைகர் உட்ஸைத் தோற்கடித்தார். கடைசி நாளை முன்னிலையில் தொடங்கிய பெரிய போட்டி எதிலும் உட்ஸ் அதுவரை தோற்றதில்லை. பதினெட்டாம் குழியில் இருநூறு கஜத்துக்கு மேல் தூரம், குறுக்கே மரம். யாங் எடுத்தது ஹைப்ரிட். யாங் விவசாயி மகன், பத்தொன்பது வயதில்தான் கோல்ஃப் மட்டையைத் தொட்டவர்.

ஆகவே தம்பி மகனுக்கு நான் சொன்னது இது. முதல் நாளே ஹைப்ரிட் தேவையில்லை. ஏழாம் எண் அயர்ன், ஒரு வெட்ஜ், ஒரு பட்டர் இவற்றில் கை படியட்டும். பந்து சீராகப் பட ஆரம்பித்த பிறகு, தூர அடிக்கு மூன்றாம், நான்காம் எண் அயர்னோடு மல்லுக்கட்டாதே. அவற்றை எடுத்துவிட்டு ஒரே ஒரு ஹைப்ரிட் வை. கூடுதலாக வாங்காதே, மாற்றாக வாங்கு. முடிந்தால் பழையதை வாங்கு. அதுவும் மந்திரக்கோல் அல்ல, பயிற்சி வேண்டும்.

இதைச் சொல்லி முடித்தபோது எனக்கு ஒரு பையன் நினைவுக்கு வந்தான். 1980-களில் என் ஒன்பதாம் வகுப்பில் இருந்தவன். மைப்பேனாவில்தான் எழுத வேண்டும் என்பது என் சட்டம். அவன் பால்பாயிண்டில் எழுதிய தேர்வுத் தாளை வகுப்பின் முன்னால் கிழித்துப் போட்டேன். அவன் இடது கைப் பழக்கம் உள்ளவன். எழுதிக்கொண்டே போகும்போது ஈர மையைக் கையே அழித்துவிடும். பால்பாயிண்டில் அந்தத் தொல்லை இல்லை. அவன் சோம்பேறி அல்ல, வழி கண்டவன். எனக்கு அது புரியப் பல வருடம் ஆயிற்று. ஆலன் ராபர்ட்சனை நான் குறை சொல்ல என்ன தகுதி?

தம்பி, நீ இதைப் படித்தால், அன்று உன் தாளில் எழுதியிருந்தது சரியான விடைதான். என்னை மன்னித்துவிடு.

மற்றவர்களும் உங்கள் பிள்ளைகள் எளிய வழி கேட்டால், திட்டும் முன் ஏன் என்று ஒரு முறை கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய சரித்திர வாத்தியார்