எடையை யார் தீர்மானிக்கிறார்கள்? அம்பத்தூர் தொழிற்பேட்டையை முன்வைத்து ஓர் ஆய்வு

தமிழகத்தில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பி.எம்.ஐ. என்னும் உடல் நிறைக் குறியீடு 25-ஐ எட்டியவர்களும் கடந்தவர்களும் 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 30.9 விழுக்காடு, 2019-21-இல் 40.4. ஆண்களில் அது 28.2-இலிருந்து 37.0 ஆயிற்று. இந்த உயர்வுக்கு இரண்டு விளக்கங்கள் சட்டென்று சொல்லப்படுகின்றன: வாயைக் கட்டத் தெரியாதவர்கள் என்பது ஒன்று, எல்லாம் பரம்பரை என்பது மற்றொன்று. இரண்டையும் மறுக்க வேண்டியிருக்கிறது. பசியை நடத்துவது மூளை. அது எவ்வளவு எளிதில் தூண்டப்படும் என்பதில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் பெரும்பங்கு மரபணுவுடையது. ஆனால் அந்த வேறுபாடு இடுப்பளவில் தெரியவருவதற்கு உணவுச் சூழலும் வேலைநேரமும் வேண்டும். ஆகவே சென்னையின் அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிப்ட் பார்ப்பவரின் மன உறுதியை விசாரிப்பதற்கு முன் அவருடைய ஷிப்ட் அட்டவணையை விசாரிப்பதே முறை.

மூளையின் பங்கு ஊகமன்று. 1994-இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு கண்டறிந்த லெப்டின், கொழுப்புத் திசுவில் சுரந்து ஹைபோதாலமஸை எட்டும் ஹார்மோன். அங்கே பசியைக் கிளப்பும் ஏ.ஜி.ஆர்.பி. நரம்பணுக்களை அது தணிக்கிறது. நிறைவைத் தரும் போம்சி நரம்பணுக்களை ஊக்குகிறது. போம்சி அனுப்பும் செய்தியை வாங்கிக்கொள்வது எம்.சி.4.ஆர். என்னும் ஏற்பி. பாகிஸ்தான் வழிவந்த குடும்பமொன்றில் லெப்டினே சுரக்காத இரு குழந்தைகளைப் பற்றிக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 1997-இல் எழுதினார்கள். இருவருக்கும் அடங்காப் பசி. அவர்களில் மூத்த சிறுமிக்கு லெப்டின் ஊசி போட்டதும் பசி அடங்கி எடை இறங்கியதை 1999-இல் பதிவுசெய்தார்கள். அறிவுரையோ கண்டிப்போ செய்ய முடியாததை ஒரு ஹார்மோன் செய்தது. இது அரிய நோய், பொதுமக்களுக்குப் பொருந்தாது என்று மறுக்கலாம். ஆனால் 2011-இல் வெளியான மெல்பர்ன் ஆய்வொன்றில், உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைத்த சாதாரண மனிதர்களை ஆராய்ந்தபோது, ஓராண்டு கழிந்தும் அவர்களுடைய லெப்டின் தாழ்ந்தும் பசியூட்டும் கிரெலின் உயர்ந்துமே இருந்தன. இளைத்த உடல் இழந்ததை மீட்கப் போராடுகிறது. அந்தப் போராட்டத்தைச் சோம்பல் என்று பெயரிட்டு அழைப்பது அநீதி.

சரி, மரபணுதான் காரணமென்றால் ஐந்தே ஆண்டுகளில் பெண்களில் ஏறத்தாழப் பத்து விழுக்காட்டுப் புள்ளி எப்படி ஏறியது? வலுவான ஆட்சேபம் இதுதான். மரபணுக்கள் மாறவில்லை, அவை வாழும் சூழல் மாறியது. எம்.சி.4.ஆர். மரபணுவுக்கு அருகிலுள்ள ஒரு மாற்று வடிவம் பருத்த இடுப்புடன் தொடர்புடையது என்றும், ஐரோப்பியரைவிட இந்திய வழியினரிடம் அது மிகுதி என்றும் 2008-இல் லண்டன் ஆய்வொன்று காட்டியது. சென்னையில் ஆய்வாளர்கள் ராதா, மோகன் உள்ளிட்டோர் நீரிழிவு பற்றிய சியூர்ஸ் என்னும் மக்கள்தொகை ஆய்வின் வழியே எஃப்.டி.ஓ. மரபணு வடிவங்களுக்கு உடற்பருமனோடும் நீரிழிவோடும் உள்ள தொடர்பை 2011-இல் வெளியிட்டனர். இதே எஃப்.டி.ஓ. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாமில் 1942-க்கு முன் பிறந்தவர்களின் எடையோடு தொடர்பே காட்டவில்லை. பின்னர் பிறந்தவர்களிடம் தெளிவாகக் காட்டியது. இந்த ஒரு சான்றே பரம்பரை வாதத்தின் இறுக்கத்தை உடைக்கப் போதுமானது.

அம்பத்தூரின் சூழலில் கூர்ந்து பார்க்க வேண்டியது உறக்கம். 1960களில் எழுந்த தொழிற்பேட்டையில் இன்று ஆலைகளுக்கு நடுவே ஐ.டி. வளாகங்களும் இருக்கின்றன, இரண்டிலும் இரவு வேலை உண்டு. சிகாகோவில் பன்னிரண்டு இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரமே தூங்கவிட்டபோது லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது, கிரெலின் 28 விழுக்காடு கூடியது, பசியும் ஏறியது. 2004-இல் வெளியான முடிவு இது. பன்னிரண்டு பேரை வைத்து ஓர் ஊரை எடைபோட முடியாது என்பது நியாயமான எதிர்ப்பு. அதற்கு மறுமொழி, அளவீட்டை இந்த ஊருக்கே கொண்டுவருவதுதான். சியூர்ஸ் ஆய்வு தொடங்கிய 2001-இல் அதன் களம் அன்றைய சென்னை மாநகராட்சியின் 155 வார்டுகள். அம்பத்தூர் 2011-இல்தான் மாநகராட்சியில் சேர்ந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியானது. பூந்தமல்லியும் சென்னை மாநகராட்சிக்கு வெளியேதான் இருந்தது. தொழிலாளர் மிகுந்த இந்த மேற்குப் பகுதி அந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே நின்றது. தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான ஈ.எஸ்.ஐ.-யின் மருந்தகத்துக்கு வரும் தொழிலாளியின் எடையையும் இடுப்பளவையும் குறிக்கும்போதே, மாதத்தில் எத்தனை இரவு வேலை, எத்தனை மணி நேர உறக்கம், பெற்றோருக்குப் பருமன் உண்டா என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துப் பதிவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. ஆலை நிர்வாகங்கள் ஷிப்ட் மாற்றங்களுக்கு இடையே போதிய ஓய்வு விடுகின்றனவா என்று கேட்கும் உரிமையை அந்தப் பதிவேடு தொழிலாளருக்குத் தரும்.