சர்க்கரையை அளந்த கதை

நம் குடியிருப்பில் ஏதாவது ஒரு தளத்தில் நின்று, "வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்று சொல்லும் வீடுகளை எண்ணுவதுதான் சுலபமாக இருக்கும். விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு இரத்தம், ஐந்து விநாடியில் ஓர் எண். அந்த எண்ணைப் பார்த்துத்தான் பலர் வீட்டில் காலை உணவே முடிவாகிறது.

அந்த ஐந்து விநாடிக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. நவம்பர் 14 உலக நீரிழிவு நாள் வரும் இந்தக் காலாண்டில் அதைச் சொல்லலாம் என்று தோன்றியது. கதை தெரிந்தால், கையில் இருக்கும் கருவி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது என்பதும் விளங்கும்.

கோவையும் சர்க்கரையும்

சர்க்கரை என்றால் நம் ஊருக்கு வேறொரு பெருமை உண்டு. 1912இல் கோவையில் கரும்பு இன ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே சார்லஸ் பார்பரும் டி.எஸ். வெங்கடராமனும் சாறு நிறைந்த கரும்பை நாணல் போன்ற காட்டுக் கரும்போடு ஒட்டுச் சேர்த்தார்கள். அதில் பிறந்த 'கோ 205' ரகம் 1918இல் வட இந்திய வயல்களுக்குப் போனது. 'கோ' என்பது கோயம்புத்தூரைக் குறிக்கும். பின்னால் வந்த 'கோ' ரகங்கள் நாட்டின் கரும்பு வயல்களை நிறைத்தன. ஒரு காலத்தில் சர்க்கரையை இறக்குமதி செய்த நாடு, 1930களில் தனக்கு வேண்டியதைத் தானே ஆக்கிக்கொண்டது.

இதனால்தான் நீரிழிவு வந்தது என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். பரம்பரை, உடல் எடை, உழைப்புக் குறைவு, உணவு மாற்றம் எல்லாம் சேர்ந்ததுதான் காரணம். கொங்கு நாட்டின் மானாவாரிக் காட்டில் கம்பும் சோளமும் ராகியும் விளைந்தன. களியும் கூழும்தான் அன்றாடச் சாப்பாடு. நெல்லுச்சோறு நோம்பி நாளுக்கு. 1955இல் பவானிசாகர் அணை முடிந்து கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்தபின் நெல் வயல்கள் பெருகின. ஏர் ஓட்டியவர் வீட்டுப் பிள்ளைகள் மில்லுக்கும் பட்டறைக்கும் போனார்கள். பேரப்பிள்ளைகள் இன்று கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். தட்டில் சோறு கூடியது, உடம்பில் உழைப்பு குறைந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "நாட்டுச்சர்க்கரைதானுங்க, ஒண்ணும் பண்ணாது" என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி மூன்றிலும் பெரும்பகுதி சர்க்கரையேதான். மீட்டருக்கு அவற்றின் நிறம் தெரியாது.

எறும்பிலிருந்து எட்டுச் சொட்டு வரை

இந்த நோயை நம் முன்னோர் மதுமேகம் என்றார்கள். சிறுநீரில் எறும்பு மொய்ப்பதை வைத்தே நோயைக் கண்டுகொண்டார்கள். ஐரோப்பாவில் 1674இல் தாமஸ் வில்லிஸ் அந்தச் சிறுநீர் தேன்போல் இனிப்பதாக எழுதினார். 1776இல் மாத்யூ டாப்சன், அந்த இனிப்பு சர்க்கரையேதான் என்றும் இரத்தத்திலும் அது இருக்கிறது என்றும் காட்டினார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வேதியியலாளர் ஸ்டான்லி பெனடிக்ட் ஒரு நீல நிறக் கரைசலைத் தந்தார். அந்தக் கரைசல் ஐந்து மில்லி, அதில் எட்டுச் சொட்டு சிறுநீர், பிறகு கொதிக்க வைக்க வேண்டும். நிறம் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று மாற மாற சர்க்கரை கூடுதல். பள்ளி ஆய்வகத்தில் இதைச் செய்து பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்போம். சர்க்கரை நோயாளிகள் இருந்த வீடுகளில் இதுவே பல ஆண்டுகள் ஒரே வழியாக இருந்தது.

அதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதை வெளியே விடும். அதற்குக் கீழே 150 இருந்தாலும் 50 இருந்தாலும் கரைசல் நீலம்தான். மேலும் சிறுநீர் காட்டுவது சில மணி நேரத்துக்கு முந்தைய நிலையை. சர்க்கரை தாழ்ந்து மயங்கப் போகிறவருக்கு இந்தச் சோதனை ஓர் எச்சரிக்கையும் தராது.

இன்சுலின் வந்தது, அளவு வரவில்லை

1921இல் கனடாவின் டொராண்டோவில் பிரெடெரிக் பான்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது முதலில் செலுத்தப்பட்டது. அதுவரை முதல் வகை நீரிழிவு வந்த குழந்தை பிழைப்பதில்லை. அதன் காப்புரிமையைக் கண்டுபிடித்தவர்கள் ஆளுக்கு ஒரு டாலருக்கு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பான்டிங் பிறந்த நாள்தான் நவம்பர் 14.

தமிழ்நாட்டில் இந்த நோய்க்கென்று தனிக் கவனம் வந்தது 1948இல். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பேராசிரியர் எம். விஸ்வநாதன் தனி நீரிழிவுப் பிரிவைத் தொடங்கினார். 1954இல் இராயபுரத்தில் இதற்கென்றே ஒரு மருத்துவமனையை நிறுவினார். இந்திய நீரிழிவு மருத்துவத்தின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள்.

இன்சுலின் கிடைத்துவிட்டது, ஆனால் எவ்வளவு போடுவது? கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைத்து, சிறுநீரின் நிறத்தைப் பார்த்து, ஓர் உத்தேசத்தில் போட்டார்கள். கூடினால் மயக்கம், குறைந்தால் கண்ணும் சிறுநீரகமும் காலும் மெல்லப் பழுதாகும்.

மீட்டர் வீட்டுக்கு வந்த கதை

1960களில் அமெரிக்காவின் ஏம்ஸ் நிறுவனம் 'டெக்ஸ்ட்ராஸ்டிக்ஸ்' என்ற பட்டையைக் கொண்டுவந்தது. ஒரு சொட்டு இரத்தத்தை வைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, தண்ணீரில் கழுவி, நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். ஒரே நிறம் ஒருவர் கண்ணுக்கு ஒன்று, இன்னொருவர் கண்ணுக்கு வேறொன்று. அதனால் அந்த நிறத்தைப் படிக்கவே ஒரு கருவியை ஆண்டன் கிளெமென்ஸ் வடிவமைத்தார். 1970 வாக்கில் விற்பனைக்கு வந்த அது ஒரு கிலோவுக்கு மேல் எடை. மருத்துவர்களுக்கு மட்டுமே விற்றார்கள்.

அதன் விளம்பரத்தைப் பார்த்தார் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்ற பொறியாளர். 12 வயதிலிருந்து நீரிழிவோடு வாழ்ந்தவர். அவருடைய மனைவி மருத்துவர். அவர் பெயரில் ஒரு மீட்டரை வாங்கினார். தினமும் பலமுறை அளந்தார். எந்த உணவு எவ்வளவு ஏற்றுகிறது, எத்தனை யூனிட் எவ்வளவு இறக்குகிறது என்று ஒரு பொறியாளரின் கணக்காகக் குறித்துவைத்தார். நோயாளி வீட்டிலேயே அளந்துகொள்ளலாம் என்று அவர் எழுதியதை மருத்துவ இதழ்கள் ஏற்கவில்லை. நாற்பது வயதைக் கடந்தபின் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து தாமே மருத்துவரானார். இன்று உங்கள் மேசை இழுப்பறையில் மீட்டர் இருப்பதில் அவருக்கும் பங்கு உண்டு.

இன்னொரு பக்கம், 1962இல் லேலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் நிறத்துக்குப் பதில் மின்சாரத்தை அளக்கும் வழியைச் சொல்லியிருந்தார்கள். ஒரு நொதி குளுக்கோஸோடு வினைபுரியும்போது உண்டாகும் மாற்றத்தை மின்முனை படிக்கும். அந்த வழியில் 1987இல் பேனா அளவு மீட்டர் வந்தது. இன்றைய பட்டைகளும் இந்தத் தத்துவத்தில்தான் பெரும்பாலும் வேலை செய்கின்றன.

இரண்டு மீட்டரில் இரண்டு எண் வருவது பலருக்குக் குழப்பம். உலகத் தர அளவின்படி, 100க்கு மேல் உள்ள அளவுகளில் 15 சதவீதம் வரை வேறுபாடு ஏற்கத்தக்கது. ஆய்வகத்தில் 200 என்றால் வீட்டு மீட்டர் 170 காட்டலாம், 230ம் காட்டலாம். மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினால் எண் எங்கேயோ போகும். பட்டை டப்பாவைத் திறந்தே வைத்தால் ஈரம் பட்டுக் கெடும்.

மூன்று மாதக் கணக்கு

மீட்டர் சொல்வது அந்த நேரத்து நிலை. சோதனைக்கு இரண்டு நாள் முன்னால் மட்டும் பத்தியம் இருந்து நல்ல எண் வாங்குபவர்கள் உண்டு. அவர்களைக் காட்டிக்கொடுப்பது எச்பிஏ1சி. 1960களின் இறுதியில் ஈரானிய மருத்துவர் சாமுவேல் ரஹ்பர், நீரிழிவுக்காரர்களின் ஹீமோகுளோபினில் ஒரு மாற்றம் இருப்பதைக் கண்டார். சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அத்தனை நாளும் அதில் சர்க்கரை ஒட்டிக்கொண்டே வரும். அதனால்தான் அது இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்கிறது. இரத்தசோகை இருந்தால் இந்த எண்ணும் ஏமாற்றலாம், மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இத்தனை அளந்து என்ன பயன் என்ற கேள்விக்கு 1993இல் பதில் வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நீரிழிவுள்ள 1,441 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு அது. அடிக்கடி அளந்து சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தவர்களுக்குக் கண் பாதிப்பு வரும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது. ஆனால் அவர்களுக்குக் கடுமையான தாழ்சர்க்கரை மயக்கம் கூடுதலாக வந்தது. அந்த அச்சத்துக்கு விடை தேடித்தான் அடுத்த கருவி பிறந்தது.

கையில் ஒட்டும் சென்சார்

1999இல் அமெரிக்காவில் முதல் தொடர் அளவுக் கருவிக்கு அனுமதி கிடைத்தது. மூன்று நாள் பதிவுசெய்யும். மருத்துவர்தான் பிறகு பார்க்க முடியும். 2014இல் ஐரோப்பாவில் 'லிப்ரே' வந்தது. நாணயம் போன்ற ஒரு வில்லை, மேல்கையில் 14 நாள் ஒட்டியிருக்கும். அடுத்த ஆண்டே, மருத்துவர் பார்த்துச் சொல்லும் வகை இந்தியாவுக்கு வந்தது. இன்று கைப்பேசியிலேயே பார்க்கலாம்.

இது இரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கடியில் செல்களைச் சுற்றியுள்ள நீரை அளக்கிறது. அதனால் சில நிமிடம் பின்தங்கும். உடம்பு நடுங்கி வியர்க்கிறது, சென்சார் 90 என்கிறது என்றால் உடனே விரலில் குத்திப் பாருங்கள். எண்ணைவிட இங்கே முக்கியம் கோடு. பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளில் 70 சதவீத நேரத்துக்கு மேல் 70க்கும் 180க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது 2019இல் உலக வல்லுநர்கள் ஒத்துக்கொண்ட இலக்கு. முதியவர்களுக்கு மருத்துவர் இதைத் தளர்த்துவார்.

எல்லாருக்கும் சென்சார் வேண்டும் என்பதில்லை. மாத்திரையில் கட்டுக்குள் இருப்பவருக்கு மீட்டரும் எச்பிஏ1சியும் போதலாம். இன்சுலின் போடும் குழந்தைக்கும், இரவில் சர்க்கரை தாழும் முதியவருக்கும் அதன் பயன் பெரிது. அந்தச் செலவு எல்லா வீட்டுக்கும் எட்டாது. முதல் வகை நீரிழிவுள்ள ஏழைக் குழந்தைகளுக்குக் கைகொடுக்க நம் கோவையில் 'இதயங்கள்' அறக்கட்டளை இருக்கிறது. 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மீட்டரைக் கிராமத்து வாசலுக்கே கொண்டுபோனது. தேவை சின்னதல்ல. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது.

நம் குடியிருப்பில் செய்ய வேண்டியவை

முதலாவது, ஊசி. பயன்படுத்திய ஊசியும் குத்தூசியும் வீட்டு அபாயக் கழிவு என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் கூறின. குப்பையைக் கையால் பிரிக்கும் பெண்களின் விரலில் அது ஏறினால் அவர்களுக்கு மாதக்கணக்கில் பயம். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, நிரம்பியதும் மூடி, மேலே எழுதித் தனியாகக் கொடுங்கள்.

இரண்டாவது, இன்சுலின் குப்பி. நம் நாட்டில் மில்லிக்கு 40 யூனிட் குப்பியும் உண்டு, 100 யூனிட்டும் உண்டு. குப்பிக்கு ஏற்ற ஊசிதானா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாருங்கள். மாறினால் அளவு இரண்டரை மடங்கு மாறும்.

மூன்றாவது, இரவு. பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் மட்டும் இங்கே என்ற வீடுகள் நம்மிடம் பல. அம்மாவின் சென்சார் 58 காட்டினால் அமெரிக்காவில் இருக்கும் மகனின் கைப்பேசி ஒலிக்கும். அவர் அங்கிருந்து சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க முடியாது. கதவைத் தட்ட ஓர் ஆள் வேண்டும். பக்கத்து வீட்டு எண்ணையும் காவலர் அறை எண்ணையும் இன்றே பிள்ளைகளுக்கு அனுப்புங்கள். ஒரு மாற்றுச் சாவி நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும்.

தட்டப் போகிறவர் நீங்களாக இருந்தால் இதை நினைவில் வையுங்கள். 70க்குக் கீழே, ஆள் நினைவோடு இருந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் மறுபடி அளந்து பாருங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், புரையேறிவிடும். 108ஐ அழையுங்கள்.