மழை பெய்தும் பாலையான நிலம்: புதுச்சேரி அருகே உள்ள செம்மண் ஓடைகளின் வரலாறு

புதுச்சேரிக்கு வடக்கே, விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் பொம்மையார்பாளையம், குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, இரும்பை ஆகிய ஊர்களை ஒட்டி ஒரு செம்மண் மேடு உள்ளது. மழைநீர் அரித்த ஆழமான பள்ளங்கள் அதில் கடலை நோக்கி இறங்குகின்றன. இவற்றை ஊர்மக்கள் ஓடை என்பர். சுற்றுலா வருவோர் செம்மண் பள்ளத்தாக்கு என்கின்றனர்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மோஹாவி பாலைவன விளிம்பில் பிக் மொராங்கோ என்ற பள்ளத்தாக்குக் காப்பகம் இருக்கிறது. அங்கே மழை மிகக் குறைவு. ஆனாலும் பாறைப் பிளவு நிலத்தடி நீரை மேலே தள்ளுவதால் ஆண்டு முழுவதும் சிற்றோடை ஓடுகிறது. நம் செம்மண் மேட்டின் நிலை இதற்கு நேர்மாறு. ஆண்டுக்கு 1200 மி.மீ. அளவில் மழை பெய்யும் நிலம் இது. ஆயினும் ஓடைகள் மழைக்காலத்தில் மட்டுமே ஓடும். இந்த முரண்பாடு எவ்வாறு வந்தது?

மண்ணின் கதை

இம்மேடு கடலூர் மணற்கல் என்னும் பாறை வகையைச் சேர்ந்தது. அருகிலுள்ள திருவக்கரையில், இப்பாறையில் கிடைக்கும் கல்மரங்கள் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் பழமையானவை. 1781இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா அவற்றைப் பதிவு செய்தார். மண்ணின் சிவப்புக்கு இரும்புச் சத்தே காரணம். மரவேர்கள் பிடித்திருக்கும்வரை இம்மண் நீரை உறிஞ்சும். வேர் போனால் மேற்பரப்பு இறுகிவிடும்; நீர் உள்ளே இறங்காமல் மண்ணை அரித்துக்கொண்டு ஓடும்.

காடு போன விதம்

இங்கு முன்பு இருந்தது வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. வீரை, காசா, உலக்கைப்பாலை, மகிழம் போன்றவை அதன் மரங்கள். வீட்டுக்கும் விறகுக்கும் மரம் வெட்டப்பட்டது; ஆடு மாடு மேய்ந்தது; சரிவு நிலம் உழப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து பிரான்சுக்கு மல்லாட்டை ஏற்றுமதியானபோது புன்செய்ப் பயிருக்குத் தேவை கூடியது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் கூறும் கருத்து. அது இங்கே கண்முன் நடந்தது.

இரும்பை மகாகாளேசுவரர் கோயிலோடு இணைந்த கதை ஒன்றும் உண்டு. ஊரார் எள்ளி நகையாடியதால் சினந்த கடுவெளிச் சித்தர் இந்நிலம் வறண்டு போகச் சபித்தாராம். தொலைதூரத்தார் வந்து பசுமையாக்குவர் எனப் பின்னர் ஆறுதலும் சொன்னாராம். இதை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள இயலாது. ஆனால் இந்நிலம் எப்போதும் வறண்டு கிடக்கவில்லை என்ற நினைவு மக்களிடம் இருந்ததை இக்கதை காட்டுகிறது.

மீட்பு

1968 பிப்ரவரி 28இல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது இம்மேடு பெரும்பாலும் மொட்டை நிலம். ஆங்காங்கே பனைமரங்கள் நின்றன. வந்தவர்களும் சுற்றுவட்டாரக் கிராமத்துத் தொழிலாளரும் வரப்பு கட்டினர், தடுப்பணை எழுப்பினர், குளம் வெட்டினர். முதலில் விரைந்து வளரும் ஆஸ்திரேலிய அகேசியா நடப்பட்டது. அதன் நிழலில் நாட்டு மரங்கள் வளர்க்கப்பட்டன.

நான் வில்லியனூரிலிருந்து ஊசுடு ஏரிக்கரை வழியாக அங்கு சென்றது ஒரு கார்த்திகை மாதம். காடு வளர்ந்த பக்கத்து வாய்க்காலில் நீர் தெளிவாக நின்றது. மரமில்லாத பக்கம் சிவப்பாக ஓடியது. இரண்டுக்கும் சில நூறு அடிதான் இடைவெளி. வகுப்பில் மண் அரிப்புப் பாடத்தைப் பல ஆண்டுகள் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியவன் நான். ஒருமுறை மாணவர்களை இங்கு அழைத்து வந்திருந்தால் போதுமே என்று தோன்றியது.

ஓடைச் சுவர்களில் ஏறிப் படம் எடுப்போர் இன்று பலர். காலடி பட்டும் மண் சரியும். அந்தச் சிவப்பு அழகாக இருப்பது உண்மையே. ஆனால் அது நிலத்தின் புண். ஊசுடு ஏரியின் புதுச்சேரிப் பகுதி 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஏரியைக் காப்பது போலவே மேட்டையும் காக்க வேண்டும். மேட்டில் இறங்கும் மழைதான் பள்ளத்தில் இருப்பவர் கிணற்றுக்கு நீர்.