வண்டி நேரத்துக்கு வந்த காலம்

வைப்பினிலும் மட்டாஞ்சேரியிலும் வாழும் நம்மவருள் முதியோர் கூடுமிடத்து ஒரு பேச்சு அடிக்கடி எழும். "நெருக்கடி நிலைக் காலத்தில் ரயில் வண்டிகள் நேரத்துக்கு ஓடின, ஊழியர் இருக்கையில் இருந்தனர், வேலைநிறுத்தம் இல்லை" என்பர். ரயில்வேயில் ஊழியம் புரியும் நாம் இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. இதில் உண்மை எவ்வளவு என ஆராய்வோம்.

1975 ஜூன் 25 இரவு பிறப்பிக்கப்பட்ட நெருக்கடி நிலை 1977 மார்ச் 21 வரை நீடித்தது. அதனைப் பாசிசம் என்பர் சிலர். அன்று என்பர் வேறு சிலர். இத்தாலியில் 1922இல் பதவியேறிய முசோலினிக்கும் வண்டிகளை நேரத்துக்கு ஓட்டியவர் என்னும் புகழ் உண்டு. அங்கே 1929இல் வாக்களித்தோரில் நூற்றுக்கு 98 பேர் ஆதரவு தந்தனர். ஆயின் அவர்கள் முன் வைக்கப்பட்டது ஒரே பட்டியல். பெயர் எதுவாயினும், ஆட்சி திறம்பட நடந்ததா, மக்கள் ஆதரித்தனரா என்பனவே வினாக்கள்.

ஒழுங்கு இருந்தது உண்மை. 1974இல் வேலைநிறுத்தம் முதலியவற்றால் 4 கோடி மனித நாட்கள் வீணாயின. அவ்வாண்டு மே மாத ரயில்வே வேலைநிறுத்தம் மட்டும் 20 நாள் நடந்தது. 1976இல் வீணானவை 1.3 கோடிக்கும் குறைவு. ஆனால் விலையேற்றம் 1974 இறுதியிலேயே தணியத் தொடங்கியது. 1975இல் பருவமழையும் நன்கு பெய்தது. மழை தந்த விளைச்சலுக்கு ஆட்சி பெருமை தேடிக்கொண்டது.

ஆதரவும் இருந்தது. 1977 தேர்தலில் வடநாடு காங்கிரசை வீழ்த்திற்று. கேரளமோ 20 மக்களவை இடங்களையும், சட்டமன்றத்தில் 140க்கு 111 இடங்களையும் ஆளுங்கூட்டணிக்கே அளித்தது. தமிழ்நாட்டிலும் 39 இடங்களில் 34 காங்கிரஸ் அணிக்கே சென்றன. காரணம் என்ன? வடக்கே கட்டாயக் கருத்தடை வீடுதோறும் அச்சம் விளைத்தது. எர்ணாகுளத்திலோ 1971 ஜூலையிலேயே ஒரே முகாமில் 60,000க்கு மேற்பட்டோர் பணமும் பரிசும் பெற்று அச்சிகிச்சை செய்துகொண்டிருந்தனர். அச்சுத மேனன் அமைச்சரவையின் நிலச் சீர்திருத்தத்தால் குத்தகையாளர் நிலம் பெற்றிருந்தனர். மக்கள் வாக்களித்தது பெரும்பாலும் இந்நன்மைகளுக்கே என்பது நம் கருத்து. தணிக்கைக்குட்பட்ட இதழ்களோ மற்றையவற்றை மறைத்தன.

மறைந்தவற்றுள் ஒன்று கோழிக்கோடு பொறியியற் கல்லூரி மாணவர் ராஜனின் கதி. 1976 மார்ச் 1 அன்று பிடிக்கப்பட்ட அவர் கக்கயம் போலீஸ் முகாமிலிருந்து மீளவில்லை. தந்தை ஈச்சர வாரியர் அலையாத வாயில் இல்லை. 1976 ஏப்ரலில் உச்சநீதிமன்றமே ஆட்கொணர்வு உரிமை இல்லை எனத் தீர்ப்பளித்தமையால், நெருக்கடி நிலை நீங்கிய பின்னரே எர்ணாகுளத்திலுள்ள உயர்நீதிமன்றத்தில் அவர் வழக்குத் தொடுக்க முடிந்தது. மகன் காவலில் இறந்ததை அரசு பின்னர் ஒப்புக்கொண்டது, உடல் கிடைக்கவேயில்லை. அக்காலத்து உள்துறை அமைச்சரும், தேர்தலுக்குப் பின் முதலமைச்சரானவருமான கருணாகரன் 1977 ஏப்ரலில் பதவி துறந்தார்.

வண்டி வந்த நேரத்தை நம் பதிவேடு குறிக்கும். வீடு திரும்பாதவரை அது குறிக்காது. அவரைப் பற்றிக் கேட்க இதழும் நீதிமன்றமும் வேண்டும். அவை வாயடைக்கப்பட்ட ஆட்சியைத் திறமையான ஆட்சி என்று நம் இளைஞர்க்குச் சொல்லுமுன், அத்தந்தையை ஒருகணம் நினைப்போமாக.