மூன்று வயது மன்னர்

நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு தொல்லை உண்டு. ஒரு குடும்பத்தை வீட்டை விட்டுக் கிளப்பினால், யார் யார் வண்டியில் ஏறினார்கள், யார் பின்தங்கினார்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு குழந்தையை மறந்துவிட்டால் போதும், அடுத்த வாரமே வாசகர் ஒருவர், "அந்தக் குழந்தை என்ன ஆயிற்று?" என்று கடிதம் எழுதிவிடுவார்.

1950-ஆம் வருஷம் நவம்பர் 6-ஆம் தேதி நேபாளத்து மன்னர் திரிபுவனர் வேட்டைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் குடும்பத்தோடு காரில் கிளம்பினார். கார்கள் காட்மாண்டுவில் இருந்த இந்தியத் தூதராலயத்தின் வாசலுக்கு வந்ததும் சட்டென்று உள்ளே திரும்பிவிட்டன. பின்னால் கதவு சாத்தப்பட்டது. சொந்த ராஜ்யத்தில் மன்னர் அகதியாகிவிட்டார்! ராணிகள், பட்டத்து இளவரசர் மகேந்திரர், பேரன் பிரேந்திரர் எல்லாரும் கூட வந்திருந்தார்கள். ஒரே ஒரு பேரனை மட்டும் காணோம். மூன்று வயது ஞானேந்திரன். எல்லாரையும் அழைத்துக்கொண்டு கிளம்பினால் சந்தேகம் வந்துவிடும் என்று விட்டுவிட்டு வந்ததாகச் சொல்வார்கள். அந்தப் பிள்ளையின் தாயார் அதற்கு இரண்டு மாதம் முன்புதான், செப்டம்பரில், இறந்துபோயிருந்தாள்.

மறுநாளே பிரதம மந்திரி மோகன் ஷம்ஷேர் ராணா அந்தக் குழந்தையைத் தூக்கிச் சிம்மாசனத்தில் வைத்துக் கிரீடம் சூட்டினார். அவன் பெயரில் நாணயம்கூட அடித்தார்கள்.

நான் சரித்திரத்தைப் பட்டம் வாங்கும் வரை படித்தவன் அல்ல. எனக்கு ராஜ வம்சப் பட்டியல் என்றாலே பரீட்சைப் பயம்தான் ஞாபகம் வரும். ஆனால் இந்தக் குழந்தையைப் பற்றிப் படித்த பிறகு நேபாளத்து ஷா வம்சப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் பட்டத்துக்கு வந்தபோது இருந்த வயதைப் பென்சிலால் குறித்துப் பார்த்தேன். குறித்து முடித்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

முதல் பெயர் பிருதிவி நாராயண ஷா. கூர்க்கா என்ற சின்ன மலை ராஜ்யத்துக்கு 1743-ல் மன்னரானவர். இருபத்தைந்து வருஷம் பொறுத்திருந்து 1768-ல், இந்திர விழாவன்று ஊரே கொண்டாட்டத்தில் இருந்தபோது காட்மாண்டுவைப் பிடித்தார். மறு வருஷம் பக்தபூரும் விழுந்தது. இவர் வயதைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை, முழு ஆண்பிள்ளை.

இவரைப் பற்றி ஒரு கதை உண்டு. வாலிபத்தில் ஒரு சித்தரைச் சந்தித்தாராம். சித்தர் தயிரை வாயில் வைத்து, அதையே இவர் கையில் உமிழ்ந்து குடிக்கச் சொன்னாராம். இவர் அருவருப்பில் கையை விரிக்க, தயிர் கால்மீது விழுந்துவிட்டது. "குடித்திருந்தால் உன் வாக்கெல்லாம் பலித்திருக்கும். போகட்டும், உன் கால் பட்ட மண்ணெல்லாம் உனக்கு. ஆனால் பத்து விரல்மீது விழுந்ததால் பத்துத் தலைமுறைக்குத்தான்" என்று சொல்லிவிட்டார் சித்தர். கோரக்நாதரே வந்தார் என்பது அந்த ஊர் நம்பிக்கை. நானும் விரல் விட்டு எண்ணினேன். மன்னர்களை எண்ணினால் பிரேந்திரர் பத்தாமவர். தலைமுறையை எண்ணினாலோ பதினொன்று; நடுவில் திரைலோக்யர் என்ற இளவரசர் பட்டத்துக்கு வராமலே இறந்துபோனார். 1950-ல் சூட்டிய குழந்தைக் கிரீடத்தையும் கணக்கில் சேர்த்தால் இன்னும் குழப்பம். சாபங்களுக்குக் கணக்கு அவ்வளவாக வராது போலிருக்கிறது.

வயதுக் கணக்குக்கு வருகிறேன். பிருதிவி நாராயணரின் மகன் பிரதாப சிம்மர் 1777-ல் அம்மையில் மாண்டார். அவர் மகன் ரண பகதூருக்கு அப்போது வயது இரண்டரை. அவருக்குப் பின் கீர்வாண யுத்தருக்கு ஒன்றரை வயது. அவரும் 1816-ல், பத்தொன்பது வயதில், அம்மையில் போனார். அவர் மகன் ராஜேந்திரருக்கு மூன்று வயது நிரம்பவில்லை. சுரேந்திரர் ஒருவர்தான் பதினேழு வயதில் வந்தார். அடுத்த பிருதிவி வீரருக்கு ஐந்து. திரிபுவனருக்கும் ஐந்து. மூத்த பிள்ளைக்குத்தான் பட்டம் என்பது தருமம். பிள்ளைக்குப் பல் முளைத்திருக்கிறதா என்று அந்தத் தருமம் கேட்கவில்லை.

இதில் கீர்வாண யுத்தரின் பட்டாபிஷேகம்தான் விசித்திரம். மற்றக் குழந்தைகள் தகப்பன் செத்து மன்னரானார்கள். இவருடைய தகப்பன் ரண பகதூர் இருபத்துமூன்று வயதில் திடமாக இருந்தார். மிதிலைப் பக்கத்துப் பிராம்மண விதவை காந்திவதி என்பவளிடம் அவர் மனத்தைப் பறிகொடுத்தார். அந்தக் காலத்துச் சாஸ்திரம் அந்தக் கல்யாணத்தை ஒப்பவில்லை. அவளுக்குப் பிறந்த மகனுக்குத்தான் பட்டம் என்று வாக்குக் கொடுத்தார். வேறு மனைவிக்கு மூத்த பிள்ளை இருந்தான். காந்திவதியோ நோயில் விழுந்தாள். அவள் கண் மூடுவதற்குள் மகனைச் சிம்மாசனத்தில் பார்க்க வேண்டும் என்று, 1799-ல் அவர் தாமே முடி துறந்து, பிரதானிகள் அத்தனை பேரையும் குழந்தைக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்ய வைத்தார். தாம் நிர்குணானந்தர் என்ற பெயரோடு சந்நியாசியானார்.

அவள் பிழைக்கவில்லை. அதே வருஷம் இறந்துபோனாள். ரண பகதூருக்குத் தெய்வங்கள்மீதே வெறி மூண்டது, கோயில்களை அவமதித்தார். காசிக்குப் போனார், 1804-ல் திரும்பி வந்தார். 1806-ல் சபையிலேயே அவருடைய மாற்றாந்தாய் மகன் சேர் பகதூர் அவரை வாளால் வெட்டினான். வெட்டியவனை அங்கேயே இன்னொருவர் வெட்டிச் சாய்த்தார். அவர் பெயர் பால நரசிம்ம குன்வர். இந்தப் பெயரை வாசகர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு பீமசேன தாப்பா முப்பத்தொரு வருஷம் ராஜ்யத்தை நடத்தினார். ரண பகதூரின் இளைய ராணி லலித திரிபுரசுந்தரி முதலில் கீர்வாணருக்காகவும் பிறகு ராஜேந்திரருக்காகவும் அரசு முத்திரையைக் காத்தாள். மகாபாரதத்துச் சாந்தி பர்வத்திலிருந்து ராஜதர்மத்தை நேபாளியில் எழுதினவளும் அவளே. அடுத்தடுத்து இரண்டு குழந்தைகளைச் சிம்மாசனத்தில் பார்த்தவள் ராஜதர்மத்தை எழுத உட்கார்ந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

ராஜேந்திரர் பெரியவரான பிறகும் குழந்தையாகவே இருந்தார் என்றுதான் தோன்றுகிறது. அவருடைய இளைய ராணிக்குத் தன் மகன் ஆள வேண்டும் என்று ஆசை. 1846 செப்டம்பர் 14-ஆம் தேதி இரவு அவளுக்கு வேண்டிய மந்திரி ஒருவர் கொலையுண்டார். அவள் எல்லாப் பிரதானிகளையும் கோட் என்ற ஆயுதசாலைக்கு வரவழைத்தாள். விடிவதற்குள் நாட்டின் பெரிய குடும்பங்கள் அங்கே பிணமாகக் கிடந்தன. உயிரோடு வெளியே வந்து பிரதம மந்திரியானவர் ஜங் பகதூர். மேலே சொன்ன பால நரசிம்மரின் மகன்! மறு வருஷம் ராஜேந்திரரை இறக்கிவிட்டு மகன் சுரேந்திரரை ஏற்றினார் ஜங் பகதூர். இறங்கிய மன்னர் முப்பத்துநான்கு வருஷம் காவலில் உயிரோடு இருந்தார். மகன் ஆண்டு 1881-ல் இறந்து, ஐந்து வயதுக் கொள்ளுப்பேரன் பட்டத்துக்கு வந்ததைப் பார்த்துவிட்டு அதே வருஷம் கண்ணை மூடினார்.

ஜங் பகதூர் நினைத்திருந்தால் ஷா வம்சத்தையே ஒழித்திருக்கலாம். ஏன் ஒழிக்கவில்லை? இந்தக் கேள்விதான் எனக்குப் பல நாள் தூக்கத்தைக் கெடுத்தது. ஒழிக்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. மன்னருக்கு ஐந்து ஸ்ரீ. தமக்கு மூன்று ஸ்ரீ போதும் என்று வைத்துக்கொண்டார். இரண்டு ஸ்ரீ குறைவு. அதிகாரமோ முழுதும் அவரிடம். தம் பெண்களைப் பட்டத்து இளவரசர் திரைலோக்யருக்கே கொடுத்தார். விஷ்ணுவின் அம்சம் என்று ஜனங்கள் கும்பிடும் ஒரு குழந்தை மேலே உட்கார்ந்திருக்கும் வரை, கீழே உத்தரவு போடுகிறவனை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அத்தனை குழந்தைகளையும் அந்தச் சிம்மாசனம் தாங்கியதற்கு இதுவே காரணம் என்பது என் முடிவு.

ஆனால் ஜங் பகதூர் கெட்டிக்காரர். அந்தத் தருமத்தைத் தம் குடும்பத்துக்கு வைத்துக்கொள்ளவில்லை. பிரதம மந்திரி பதவி தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகாது. அண்ணனிடமிருந்து தம்பிக்கு, பிறகு அடுத்த தலைமுறையில் மூத்தவனுக்கு என்று வரிசைப் பட்டியல் போட்டார். குழந்தை ஆள்வதன் லட்சணம் அவருக்குத் தெரியாததா! ஆக ஒரே ஊரில், ஒரே சமயத்தில், இரண்டு விதமான வாரிசுச் சட்டம். ஒன்று கைக்குழந்தைகளைக் கொடுத்தது. இன்னொன்று காத்திருந்து காத்திருந்து நரை தட்டிய தாயாதிகளைக் கொடுத்தது. காத்திருக்க முடியாதவர்கள் துப்பாக்கியை எடுத்தார்கள். 1885-ல் ஜங் பகதூரின் தம்பி ரணோதீபரை அவருடைய தம்பி மக்களே சுட்டுக் கொன்றார்கள். 1901-ல் தேவ ஷம்ஷேர் 114 நாள்தான் ஆண்டார். தம்பி சந்திர ஷம்ஷேர் அவரை மலையிறக்கி அனுப்பிவிட்டார். ராணாக்களை ஏ, பி, சி என்று தரம் பிரித்தார்கள். வைப்பாட்டிக்குப் பிறந்தவர்கள் சி. 1934-ல் யுத்த ஷம்ஷேர் சி வகுப்பாரை வரிசையிலிருந்தே அடித்துவிட்டார். அடிபட்டவர்களுக்குப் பணம் இருந்தது, கோபமும் இருந்தது. சுவர்ண ஷம்ஷேர், மகாவீர ஷம்ஷேர் போன்றவர்கள் கல்கத்தாவில் கட்சி கண்டு, நேபாளி காங்கிரஸின் புரட்சிக்குப் பணம் கொடுத்தார்கள். பங்காளிச் சண்டை புரட்சியான கதை இது.

இப்போது மூன்று வயது ஞானேந்திரனைப் பாருங்கள். 1950 நவம்பரில் மோகன் ஷம்ஷேர் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக அந்த ஊரில் நடந்துவந்த வைத்தியத்தையே செய்தார். இந்த முறை மருந்து வேலை செய்யவில்லை. டில்லியில் உண்மையான மன்னர் உட்கார்ந்திருந்தார். இந்தியாவும் பிரிட்டனும் குழந்தையை ஏற்கவில்லை. இரண்டு மாதத்தில் கிரீடத்தை எடுத்துவிட்டார்கள். திரிபுவனர் 1951 பிப்ரவரியில் திரும்பி வந்தார். ராணாக்களின் 104 வருஷத்து ஆட்சி முடிந்தது. அப்புறம் 1955-ல் மகேந்திரர், 1972-ல் பிரேந்திரர். இருவரும் வளர்ந்த மனிதர்களாகப் பட்டத்துக்கு வந்தவர்கள். ஞானேந்திரர் தம்பிதானே, யாரும் அவரை நினைக்கவில்லை.

2001-ஆம் வருஷம் ஜூன் 1-ஆம் தேதி இரவு நாராயண்ஹிட்டி அரண்மனையில் குடும்ப விருந்து. மன்னர், ராணி, இளைய மகன், மகள், உறவினர்கள் சிலர் சுடப்பட்டு இறந்தார்கள். சுட்டது பட்டத்து இளவரசர் தீபேந்திரர் என்று விசாரணைக் குழு சொன்னது. அவர் மணக்க விரும்பிய ராணா குலத்துப் பெண்ணைத் தாயார் ஒப்பவில்லை என்பது பேச்சு. அவரும் தலையில் குண்டோடு ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். சட்டம் என்ன சொல்கிறது? மூத்த பிள்ளைக்குப் பட்டம். நினைவில்லாதவரையே மன்னரென்று அறிவித்தார்கள். கைக்குழந்தைகளை ஏற்ற சிம்மாசனத்துக்கு இது ஒன்றும் பெரிதல்ல. மூன்றாம் நாள் அவரும் இறந்தார்.

அன்று இரவு போக்கராவில் இருந்த ஞானேந்திரர் ஜூன் 4-ஆம் தேதி இரண்டாம் தடவை முடிசூடினார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்துமூன்று. 2005-ல் ஆட்சியைத் தம் கையிலேயே எடுத்துக்கொண்டார். மறு வருஷம் ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். 2008 மே 28-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபை முடியாட்சியை எடுத்துவிட்டது. ஜூன் 11-ஆம் தேதி கிரீடத்தைச் சர்க்காரிடம் ஒப்படைத்துவிட்டு, இரவில் காரில் ஏறி நாகார்ஜுனக் காட்டு மாளிகைக்குப் போனார். காலி செய்த அரண்மனையை மறு வருஷம் மியூசியமாக்கினார்கள்.

இந்த முறையும் எல்லாரும் கிளம்பிவிடவில்லை. அவருடைய சிற்றன்னையான முதிய ராணி ரத்னாவை அரண்மனை வளாகத்தில் ஒரு வீட்டில் இருக்க அனுமதித்தார்கள். அவள் பிறந்தது ராணா வீட்டில்.