பழைய பொட்டிக்குத் தெரியாத டிஸ்க்: 1982லிருந்து எறையூர் வரை ஒரு பூட் வரலாறு

போன தை மாசம் ஊருக்குப் போயிருந்தேன். எறையூர் சர்க்கரை ஆலையில் அரவை நடக்கிற நேரம். ரோட்டோரம் கரும்பு டிராக்டரும் லாரியும் வரிசை கட்டி நின்னுச்சு. வீட்டுக்குள்ள நுழைஞ்சு பையைக்கூட இறக்கல, அக்கா மகள் வந்து நின்னா. "மாமா, கம்ப்யூட்டர் உள்ள டிக் டிக்னு சத்தம் கேக்குது. ஆன் பண்ணா அஞ்சு நிமிஷம் ஆகுது."

டிக் டிக் சத்தம்னா என்னன்னு இந்தத் தொழிலில் இருக்கிறவங்களுக்குத் தெரியும். ஹார்ட் டிஸ்க் சாகப் போகுது.

அந்த மெஷின் 2010ல் அப்பாவுக்காக வாங்கினது. ஜி41 சிப்செட் போர்டு, பென்டியம் டூயல் கோர், ரெண்டு ஜிபி மெமரி, பிறகு நாலாக்கினேன். அந்தக் காலத்தில் பெரம்பலூர், திருச்சி கடைகளில் அசெம்பிள் பண்ணின பொட்டிகளில் பாதி இந்த ரகம்தான். அப்பா சாகிற வரைக்கும் அதில்தான் ஊரைப் பத்தின குறிப்புகளைத் தட்டிக்கிட்டிருந்தார். எந்த ஏரிக்கு எங்கேயிருந்து தண்ணி வரும், எந்தத் தெருவுக்கு முன்னாடி என்ன பேரு, ஆலை வர்றதுக்கு முன்னாடி அந்த நிலத்தில் என்ன விளைஞ்சுது, இப்படி. எல்லாம் பழைய பாமினி எழுத்துருவில். இப்போ திறந்தா ஆங்கில எழுத்துக் குப்பையாத் தெரியும், மாத்தித்தான் படிக்கணும். அதுக்கெல்லாம் காப்பி வெச்சிருந்தேனான்னு கேக்காதீங்க. சாஃப்ட்வேர்காரன் வீட்டில் பேக்கப் இருக்காது.

முதல் ராத்திரி முழுக்க லினக்ஸ் பென்டிரைவில் பூட் பண்ணி, டிடி-ரெஸ்க்யூ ஓடவிட்டு டிஸ்கை அப்படியே வேற டிஸ்குக்கு உறிஞ்சினேன். சில செக்டார்கள் போயிடுச்சு. அப்பாவோட கோப்புகளில் மூணு திறக்கல. அதில் ரெண்டு பழைய சிடி ஒன்றில் கிடைச்சுது. மூணாவது போனது போனதுதான்.

அடுத்த வேலை, மெஷினுக்குப் புது டிஸ்க். என் லேப்டாப்பை அப்கிரேட் பண்ணினப்போ கழட்டின 256 ஜிபி என்விஎம்இ டிஸ்க் ஒன்னு மேசை டிராயரில் சும்மா கிடந்துச்சு. அதைச் செருக ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் அடாப்டர் அட்டை, சில நூறு ரூபாய். கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷின், பெரிய ஸ்லாட் காலி. செருகிட்டு ஆன் பண்ணேன். பயாஸ் திரையில் டிஸ்க் இல்லை. எந்த மெனுவிலும் இல்லை. ஆனா லினக்ஸ் பென்டிரைவில் பூட் பண்ணிப் பார்த்தா டிஸ்க் ஜம்முனு தெரியுது, எழுதுது, படிக்குது.

இயங்குதளத்துக்குத் தெரிகிற டிஸ்க் பயாஸுக்குத் தெரியல. பூட் ஆகணும்னா முதலில் பார்க்க வேண்டியது பயாஸ். இந்த முட்டுக்கட்டை எப்போ ஆரம்பிச்சுதுன்னு தோண்டிப் பார்த்ததுதான் இந்தக் கட்டுரை.

கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் அதுக்கு ஒன்னும் தெரியாது. டிஸ்கிலிருந்து புரோகிராமைப் படிக்க ஒரு புரோகிராம் வேணும். அந்தப் புரோகிராமும் டிஸ்கில்தான் இருக்கு. இந்தக் கோழி முட்டைச் சிக்கலுக்குத்தான் பூட்ஸ்ட்ராப்னு பேரு வெச்சாங்க, தன் பூட்ஸ் வாரைத் தானே பிடிச்சு இழுத்துத் தன்னைத் தூக்கிக்கிறதுங்கிற அர்த்தத்தில். 1952ல் வந்த ஐபிஎம் 701ல் இதுக்கு 'லோடு'ன்னு ஒரு பொத்தானே இருந்துச்சு. அமுக்கினா துளை அட்டையோ, டேப்போ, டிரம்மோ, எதிலிருந்தாவது முதல் சொல்லைப் படிக்கும். மீதியை அது பார்த்துக்கும்.

நம்ம பக்கத்து உதாரணம், சென்னை ஐஐடிக்கு 1973ல் வந்த ஐபிஎம் 370/155. அந்தக் குடும்பத்து மெஷின்களில் ஆபரேட்டர் கன்சோலில் சாதனத்தோட முகவரியைச் சுவிட்சில் திருப்பி வெச்சு லோடு அமுக்குவார். ஹார்ட்வேரே அந்த முகவரிக்குப் போய் 24 பைட் படிக்கும். அந்த 24 பைட்டுக்குள் அடுத்து எங்கே என்ன படிக்கணும்னு எழுதியிருக்கும். இதில் கவனிக்க வேண்டியது, அந்த முகவரியில் இருக்கிறது டேப்பா டிஸ்கான்னு மெஷின் கவலைப்படவே இல்லை. 'படி'ங்கிற கட்டளை ஒன்னுதான். சாதனம் எதுவானாலும் அந்தக் கட்டளைக்குப் பதில் சொல்லணும். எனக்கு இது ரொம்பப் பெரிய விஷயமாத் தெரியுது. 1960களில் தீர்த்து வெச்ச பிரச்சினையை 1981ல் வந்த பிசி திரும்பக் கொண்டு வந்துச்சு.

1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் பிசியில் பயாஸ் ஒரு 8 கேபி ரோம் சிப். (இத்தாலி ரோம் இல்லை, அழியாத மெமரி.) அந்த 8 கேபிக்குள்ள அவங்க எழுதி வெச்சது ஃபிளாப்பிக்கும் கேசட்டுக்கும் மட்டும். ஹார்ட் டிஸ்க்னு ஒன்னு வரும்னு அந்தச் சிப்புக்குத் தெரியாது. 1983 மார்ச்சில் பிசி எக்ஸ்டி, 10 எம்பி ஹார்ட் டிஸ்கோட வந்துச்சு. ஏற்கனவே பிசி வாங்கினவங்க அதே டிஸ்கைத் தங்கள் மெஷினில் போட்டா? பூட் ஆகாது! 1982 அக்டோபர் 27 தேதியிட்ட புது பயாஸ் சிப்பு வாங்கி மாத்தணும். கூடவே பழைய பிசியின் 63.5 வாட் பவர் சப்ளை டிஸ்க் மோட்டாருக்குப் போதாதுங்கிறது தனித் தலைவலி.

பழைய கம்ப்யூட்டரில் வேகமான டிஸ்கிலிருந்து பூட் பண்ண முடியலைங்கிற புலம்பல், அப்போ, பிசி பிறந்து ரெண்டு வருஷத்துக்குள்ளயே தொடங்கியாச்சு.

அந்த 1982 சிப்பில் புதுசா வந்தது என்ன? ஹார்ட் டிஸ்கைப் பத்தின அறிவு இல்லை. வேற யாராவது சொல்லிக்கொடுத்தா கேட்டுக்கிற பழக்கம். ஆன் ஆனதும் பயாஸ் மெமரியில் ஒரு குறிப்பிட்ட பகுதியை 2 கேபி 2 கேபியாத் தாவிப் பார்க்கும். எங்கேயாவது '55 ஏஏ'ன்னு ரெண்டு பைட் அடையாளம் இருந்தா, அங்கே ஒரு அட்டை தன்னோட சொந்த ரோமோட உக்காந்திருக்குன்னு அர்த்தம். கூட்டிப் பார்த்துச் சரின்னா கட்டுப்பாட்டை அதுகிட்ட கொடுக்கும். அந்த அட்டை, 'டிஸ்க் படிக்கணும்னா இனிமே என்கிட்ட கேளுங்க'ன்னு இன்டரப்ட் 13ங்கிற வாசலில் தன் பெயர்ப்பலகையை மாட்டிக்கும். ஆப்ஷன் ரோம்னு இதுக்குப் பேரு. என் ஜி41 போர்டு வரைக்கும் இந்த ஏற்பாடு அப்படியே உயிரோட இருக்கு. மாமனார் வீட்டுச் சீர் மாதிரி, டிஸ்க் வரும்போதே தனக்கு வேண்டியதைக் கையோட கொண்டு வந்துடணும்.

அடுத்த சுற்று எனக்கே நேரடியாத் தெரியும். இன்டரப்ட் 13க்கு சிலிண்டர் எண் சொல்ல 10 பிட், ஹெட்டுக்கு 8, செக்டாருக்கு 6. ஐடிஇ டிஸ்க் வேற கணக்கு: ஹெட்டுக்கு 4 பிட்தான். ரெண்டும் ஒத்துப்போகிற பகுதியைப் பெருக்கினா 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டார், அதாவது 504 எம்பி. 90களில் அதைவிடப் பெரிய டிஸ்க் வாங்கினவங்க மாட்டினாங்க. ஹெட் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டி ஏமாத்துகிற வித்தையால் எல்லை ஏறத்தாழ 8 ஜிபிக்குத் தள்ளிப் போச்சு. அப்புறம் 10 ஜிபி டிஸ்க் வந்துச்சு.

நான் பிஇ படிச்சப்போ ஹாஸ்டல் நண்பனோட மெஷினில் அந்த 10 ஜிபி டிஸ்க்தான். முதல் எட்டு ஜிபி விண்டோஸ், கடைசியில் மிச்சமான இடத்தில் பிசிக்வெஸ்ட் இதழோட வந்த சிடியிலிருந்து லினக்ஸ். லைலோன்னு ஒரு பூட் லோடர் இருந்துச்சு. ஒவ்வொரு கட்டம் தாண்டும்போதும் தன் பேரில் ஒரு எழுத்தைத் திரையில் போடும். எங்களுக்கு 'எல்', 'ஐ' ரெண்டே எழுத்தோட நின்னுடும். விடிய விடிய மண்டையை உடைச்சோம். விஷயம், கெர்னல் 1024ஆவது சிலிண்டருக்கு அப்பால் கிடந்துச்சு. பழைய பயாஸின் கை அவ்வளவு தூரம் நீளாது. தீர்வு ரொம்பச் சின்னது: டிஸ்கோட ஆரம்பத்தில் கொஞ்சூண்டு இடத்தில் பூட் பார்ட்டிஷன் போட்டு, கெர்னலை அங்கே வை. பயாஸ் அதை மட்டும் தூக்கிக் கொடுக்கட்டும். கெர்னல் கண்ணைத் திறந்துட்டா அதுக்கு பயாஸே தேவையில்லை, மொத்த டிஸ்கையும் தானே பார்த்துக்கும்.

இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. எறையூரில் எனக்குக் கை கொடுத்தது இதுதான்.

என்விஎம்இ முதல் பதிப்பு 2011 மார்ச்சில் வந்துச்சு. சாட்டா டிஸ்க்குகளின் ஏஹெச்சிஐ முறையில் ஒரே வரிசை, அதில் 32 கட்டளை. சுத்துகிற தட்டுக்கு அது போதும். என்விஎம்இயில் அறுபத்தஞ்சாயிரத்துச் சொச்சம் வரிசை, ஒவ்வொன்னிலும் அதே அளவு கட்டளை வரைக்கும் போகலாம்னு விதி. பிசிஐ எக்ஸ்பிரஸில் நேரா உக்காருது. லினக்ஸ் கெர்னலில் 2012 மார்ச்சில் வந்த 3.3லேயே இதுக்கு டிரைவர் வந்துடுச்சு. விண்டோஸ் 7க்கு அப்புறமாத் தனி ஒட்டு கொடுத்தாங்க. மதர்போர்டுகளோ, இன்டெல் கணக்கில் 2014ன் 9 வரிசை சிப்செட் காலத்தில்தான் பரவலா இதை பூட் டிஸ்காப் பார்க்க ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடி வந்த கோடிக்கணக்கான மெஷின்கள் அம்போ.

டிஸ்க் கம்பெனிகள் 1983 வழியில் ஆப்ஷன் ரோமை டிஸ்கிலேயே வெச்சுக் கொடுத்திருக்கலாம். 2015ல் வந்த சாம்சங் 950 ப்ரோவில் அப்படி வெச்சாங்க. பழைய பயாஸிலும் நேரா பூட் ஆகும். அதனாலேயே அந்த டிஸ்குக்குப் பழைய மெஷின்காரங்ககிட்ட இன்னும் மவுசு. மத்த கம்பெனிகள் பெரும்பாலும் அதைச் செய்யல. புது மதர்போர்டு வாங்கிட்டுப் போறான்னு விட்டாங்க. எனக்கு இதில் கோபம் உண்டு. சில கேபி இடம், அவ்வளவுதான்.

யுஇஎஃப்ஐ இருக்கிற 2011–13 போர்டாக இருந்தா, பயாஸ் கோப்பைப் பிரிச்சு என்விஎம்இ டிரைவரைச் சொருகித் திரும்ப ஃப்ளாஷ் பண்ணலாம். டயானோகோர்ங்கிற திறந்த மூலத் திட்டத்தில் அந்த டிரைவர் இலவசமாவே இருக்கு. கரண்ட் நடுவில் போனா போர்டு செங்கல். எங்க ஊர் கரண்டை நம்பி நான் செய்ய மாட்டேன். என் ஜி41ல் யுஇஎஃப்ஐயே இல்லை, அதனால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இன்னொரு வழி, குளோவர்னு ஒரு பூட் லோடரைப் பென்டிரைவில் போட்டு, பழைய பயாஸ் மேலேயே ஒரு பொய் யுஇஎஃப்ஐயை எழுப்பி, அதுக்குள்ள என்விஎம்இ டிரைவரை வைக்கிறது. விண்டோஸ் வேணும்கிறவங்களுக்கு இதுதான் வழி. ஏன்னா விண்டோஸ் லோடர், கெர்னலையும் டிரைவர்களையும் சி டிரைவிலிருந்து எடுக்கிற வரைக்கும் ஃபர்ம்வேர் வழியாத்தான் படிக்குது. அது கண்ணுக்கு டிஸ்க் தெரிஞ்சே ஆகணும்.

லினக்ஸுக்கு இவ்வளவு வம்பு வேண்டாம். ஹாஸ்டல் தீர்வையே எடுத்தேன். ஒரு 8 ஜிபி பென்டிரைவ். அதில் கிரப் பூட் லோடர், ஒரு ஜிபி பூட் பார்ட்டிஷன். மத்ததெல்லாம் என்விஎம்இயில். இன்ஸ்டால் பண்ணும்போது தானியங்கிப் பிரிப்பை நம்பாம, பார்ட்டிஷனைக் கையால் பிரிச்சு, பூட் லோடர் பென்டிரைவுக்குத்தான் போகணும்னு குறிப்பாச் சொல்லணும். பயாஸில் யுஎஸ்பி-எச்டிடியை முதலில் வைக்கணும். பயாஸ் பென்டிரைவின் முதல் 512 பைட்டைப் படிக்கும். அதில் 446 பைட்தான் புரோகிராமுக்கு, 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை, கடைசி ரெண்டு பைட், ஆமாம், அதே 55 ஏஏ. அங்கிருந்து கிரப், கிரப்பிலிருந்து கெர்னல், கெர்னலுக்கு என்விஎம்இ தெரியும். முடிஞ்சுது. கெர்னல் அப்டேட் வரும்போது மட்டும்தான் பென்டிரைவில் எழுத்து வேலை, அதனால் சீக்கிரம் தேயாது. இருந்தாலும் அதே மாதிரி இன்னொன்னு அடிச்சு பீரோவில் வெச்சிருக்கேன்.

வேகம் எவ்வளவுன்னு நேர்மையாச் சொல்லணும். ஜி41ன் ஸ்லாட் பிசிஐ எக்ஸ்பிரஸ் 1.1, ஒரு லேனுக்கு 250 எம்பி. நாலு லேனில் ஏட்டளவில் 1 ஜிபி. இன்றைய டிஸ்க் திறனில் இது கால்வாசிகூட இல்லை. பக்கத்தில் இருக்கிற குட்டி ஒரு லேன் ஸ்லாட்டில் செருகினா சாதா சாட்டா எஸ்எஸ்டி கிடைக்கிற வேகம்தான், அதனால் பெரிய ஸ்லாட் காலியா இல்லாதவங்க இந்த வேலையே செய்ய வேண்டாம். பழைய டிஸ்கில் ரெண்டே முக்கால் நிமிஷம் ஆன பூட் (அக்கா மகள் சொன்ன அஞ்சு நிமிஷம் கொஞ்சம் கோபக் கணக்கு) இப்போ 40 நொடி. அதில் கால்வாசிக்கு மேல் பயாஸ் தன்னைத்தானே சோதிச்சுக்கிற நேரம், அதை எந்த டிஸ்கும் குறைக்காது. சாட்டா எஸ்எஸ்டி போட்டிருந்தாலும் 45க்குள் வந்திருக்கும். கையில் என்விஎம்இ சும்மா கிடந்துச்சு, அதான் காரணம். காசு கொடுத்து வாங்கப் போறவங்க சாட்டாவே வாங்குங்க.

40 நொடி பெரிசான்னு சென்னையில் இருக்கிறவங்க கேக்கலாம். 2012ல் ஊரில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் உண்டு. கரண்ட் வர்ற ஒரு மணி நேரத்தில் அப்பா மெஷினை ஆன் பண்ணிட்டு டீ போடப் போவார். வந்து உக்காந்து ரெண்டு பத்தி அடிச்சதும் போயிடும். யுபிஎஸ் பேட்டரி நல்லா இருந்த காலத்தில் பத்து நிமிஷம். அவர் குறிப்புகள் பலதும் பாதி வாக்கியத்தில் நிக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்னு இப்போ படிக்கும்போது தோணுது.

அதே காலத்தில்தான், 2011 செப்டம்பரில், அரசு இலவச லேப்டாப் திட்டம் ஆரம்பிச்சுது. எல்காட் வாங்கிக் கொடுத்த முதல் மெஷின்களில் 320 ஜிபி சுத்துகிற டிஸ்க், விண்டோஸோட சிடாக்கின் பாஸ் லினக்ஸும் சேர்த்து. எங்க தெருவிலேயே நாலு வீட்டில் பரண் மேல் கிடக்கு. பெரும்பாலும் கோளாறு டிஸ்க்கும் பேட்டரியும்தான். லேப்டாப்பில் என்விஎம்இ வித்தை வேண்டாம், ஸ்லாட் கிடையாது. ரெண்டரை இன்ச் சாட்டா எஸ்எஸ்டி அப்படியே உக்காரும். ஒன்னை அப்படிச் செஞ்சு பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்தேன், கல்லூரிப் பாடம் எழுதுறான். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட ஆதரவு முடிஞ்சுது. 11 இந்த மெஷின்களைச் சீண்டாது. லினக்ஸ் சீண்டும்.

ஒரு தப்பும் செஞ்சேன். முதலில் தம்பி உறவில் ஒருத்தன் கொடுத்த எம்.2 டிஸ்கை அடாப்டரில் போட்டு, லினக்ஸிலும் தெரியலைன்னு ஒரு மணி நேரம் அடாப்டரைத் திட்டினேன். அது எம்.2 வடிவத்தில் இருந்த சாட்டா டிஸ்க். செருகுகிற முனையில் ரெண்டு வெட்டு இருந்தா பெரும்பாலும் சாட்டா, ஒரு வெட்டுன்னா என்விஎம்இ. லேபிளையும் படிச்சுப் பாருங்க.

பென்டிரைவ் இப்போ கேபினெட்டுக்கு உள்ளே, மதர்போர்டு யுஎஸ்பி பின்னில் ஒரு சின்ன கேபிள் போட்டு, இன்சுலேஷன் டேப் சுத்தி வெச்சிருக்கேன். வெளியே விட்டிருந்தேன் முதல் வாரம். அக்கா வீட்டுக்காரர் டிராக்டரில் பாட்டு கேக்க எடுத்துட்டுப் போயிட்டார். "மாமா, கம்ப்யூட்டர் மறுபடி செத்துப் போச்சு"ன்னு போன் வந்துச்சு.