ஊரும் பெயரும் மறந்தவர்கள்

பொல்லாத அரசி ஒருத்தி சாபமிடுகிறாள். மந்திர நாட்டு மாந்தர் அனைவரும் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், ஸ்டோரிபுரூக் என்னும் கற்பனைச் சிற்றூரில் வந்து சேர்கின்றனர். அவர்கள் கல்லாகவுமில்லை, குருடாகவுமில்லை. தாம் யார் என்பதை மறந்தனர், அவ்வளவே. ஸ்னோ ஒயிட் அங்கே பள்ளி ஆசிரியை. வைக்கோலைப் பொன்னாக நூற்ற குள்ளன் அடகுக் கடைக்காரர். அரசியோ நகர மேயர்! ஊர்க் கடிகாரம் எட்டேகாலில் நின்றுவிட, 28 ஆண்டுகள் கழிகின்றன.

எட்வர்ட் கிட்சிஸ், ஆடம் ஹொரோவிட்ஸ் என்னும் இருவர் படைத்த 'ஒன்ஸ் அப்பான் எ டைம்' என்ற தொலைக்காட்சித் தொடரின் கதை இது. அமெரிக்காவின் ஏ.பி.சி. ஒளிபரப்பில் 2011 அக்டோபரில் தொடங்கி 2018 மே வரை 155 பகுதிகளாக வந்தது. மெய்ன் என்று காட்டப்பட்ட தெருக்கள் கனடாவின் ஸ்டீவ்ஸ்டன் என்னும் மீனவ ஊரைச் சேர்ந்தவை. ஊரும் வேடம் பூண்டது எனலாம்.

பழங்கதையை இவ்வாறு கலைத்தல் தகுமா என்று கேட்போர் உளர். அக்கதை எக்காலத்தில் கலையாதிருந்தது?

கிரிம் சகோதரர் தம் தொகுப்பின் முதற்பகுதியை 1812-இல் வெளியிட்டனர். அதில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துணிபவள் பெற்ற தாயே. 1819-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள். ஜெர்மானியக் குடியானவர் வாய்மொழி என நெடுங்காலம் நம்பப்பட்டவற்றுள் பல, காசல் நகரத்துப் படித்த குடும்பப் பெண்கள் சொன்னவை. அவர்களுள் ஹாஸன்பிளக் சகோதரியர் தாய்வழியில், சமயக் கொடுமைக்குத் தப்பிப் பிரான்சை விட்டு வந்த ஹியூகனோ மரபினர். வீட்டில் பிரெஞ்சு பேசியவர். பூட்ஸ் அணிந்த பூனையும் நீலத்தாடிக்காரனும் பிரெஞ்சுச் சரக்கு என்று கருதப்பட்டு இரண்டாம் பதிப்பில் நீக்கப்பட்டன. பிற மாநிலத்தில் குடியிருக்கும் நமக்கு இச்செய்தி சற்றே உறுத்துகிறது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டமையால், 'அயல்வாடை' என்று சொற்களை அடிக்கும் சிவப்பு மையையும் நாம் அறிவோம்.

1819-இல் நேர்ந்த அந்த மாற்றத்தை இத்தொடர் வேறு வழியில் மீண்டும் கிளறுகிறது. ஹென்றி என்னும் சிறுவனுக்குத் தாயர் இருவர்: பெற்றுப் பிரிந்த எம்மா, எடுத்து வளர்த்த அரசி. எம்மாவோ ஸ்னோ ஒயிட்டின் மகள். அரசிக்கும், காதலனைத் தன் தாயே கொன்ற துயரம் ஒன்று உண்டு. யாரை அம்மா என்பது? பழைய நூலில் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பணிந்து ஆடிச் சாகும் அரசி, இங்கே பிள்ளைக்காகத் திருந்த முயல்கிறாள். தொடரின் உயிர் இவ்விடத்தில்தான் உள்ளது. பிற்பகுதிகளில் புதுப்புது மாந்தரைக் கொணர்ந்து குவித்தது நமக்கு உவப்பன்று.

சாபத்தின் உண்மையைச் சிறுவன் அறிவது ஒரு கதைப் புத்தகத்தால். அதை அவனுக்குக் கொடுத்தவள் ஆசிரியை. அதன் ஏடுகளில் உள்ள ஸ்னோ ஒயிட் தானே என்பதை அவள் அப்போது அறியாள்.